இடுப்பளவுத் தண்ணீர்

மார்ச் 3

அப்பாவுக்கு,

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கோபமாக ஆரம்பிப்பேன். ரெண்டாவது நிமிஷம் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். மூன்றாவது நிமிஷம் அம்மா போனைப் பிடுங்கி, அங்கே குளிரா என்று கேட்பாள். முப்பது வருஷமாக இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

பெரியப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. என்னால் வர முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் லீவில் இருந்தார்கள், மூன்றாவதாக என்னை விட மறுத்துவிட்டார்கள். ரத்த மாதிரிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டே அழுதேன். அவரை வழியனுப்பாதவள் நான் ஒருத்திதான். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் பேசப்போகிறீர்கள் என்றதும், எனக்கும் சேர்த்து அப்பா பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று பெரியப்பா வீட்டு அண்ணன் போன் செய்தான். "சித்தப்பா மைக்கைப் பிடிச்சு எங்கப்பாவைக் காமெடி ஆக்கிட்டாரு. கூட்டமே சிரிச்சுது. அம்மா எழுந்து போய்ட்டாங்க" என்றான். அன்றிலிருந்து பெரியம்மா உங்களோடு பேசுவதில்லை என்றும் சொன்னான். நீங்கள் இதில் ஒரு வார்த்தையும் எனக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு கால் மணி நேரம் பேசினீர்கள். முழுக்க சோபா ஸ்பிரிங் பற்றி.

எங்கே போனாலும் பெரியப்பா தலைகளை எண்ணுவாரே, ஞாபகம் இருக்கிறதா? வேனில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. நான் இங்கே வர விமானம் ஏறிய அன்று, உள்ளே போகும்முன் திரும்பிப் பார்த்தேன். அவர் உங்கள் எல்லோரையும் எண்ணிவிட்டு, "ஒண்ணு குறையுது" என்று சத்தமாகச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மகள்

*

மார்ச் 12

என் மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அம்மாதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, "நல்லா கேட்டிருக்கா" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள் எனக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்பதை இதிலிருந்து நீ தெரிந்துகொள்ளலாம்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். கடைசியாக எழுதிய நீளமான கடிதம் உன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதியது. அதையும் அண்ணன்தான் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது சொல்லித்தர ஆள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கூட்டம் நகராட்சி ஊழியர் சங்கக் கூடத்தில். எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நீச்சல் குளத்தில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், அங்கே நீந்தக் கற்றுப் பெரியவர்களானவர்கள், நம் தெருக்காரர்கள் எல்லாரும். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு நாள் மெனக்கெட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் எங்கே இருந்தது தெரியுமா? வேறு சட்டையில். அந்தச் சட்டை எங்கே இருந்தது? உன் அம்மா ஊற வைத்த வாளியில்.

எனக்கு முன்னால் பேசியவர் சங்கத் தலைவர். குரல் தழுதழுக்க, "தண்ணீரில் மீனைப் போல் வாழ்ந்தவர். அவர் நீந்துவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்றார். மைக் என் கைக்கு வந்தது. தாள் இல்லை. இன்னும் ஒரு நொடி போனால் நூறு பேர் முன்னால் கேவி அழுதிருப்பேன். அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தலைவர் மன்னிக்கணும். எங்கண்ணனுக்கு நீச்சலே தெரியாது."

அப்புறம் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடம் முழுக்க. ஒரு மணி நேரமாக அழுதுகொண்டிருந்தவர்கள், பாவம், சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி சிரித்தார்கள். உன் அப்பனைத்தான் உனக்குத் தெரியுமே. நாலு பேர் சிரித்தால் நிறுத்தத் தெரியாது. குளம் மூடியிருந்த ஒரு நாள் நான் அவருக்கு நீச்சல் சொல்லித்தரப் போனதையும், அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரெண்டு பேரையும் அடிக்குக் கொண்டுபோனதையும், நான் எப்படியோ ஏணியைப் பிடித்து ரெண்டு பேரையும் மேலே கொண்டுவந்ததையும் சொன்னேன். மேலே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து, "எனக்குக் கத்துக்குடுக்கத்தாண்டா தெரியும், கத்துக்கத் தெரியாது" என்று சொன்னதையும் சொன்னேன்.

அது உண்மை. உனக்கும் அவர்தானே கற்றுக்கொடுத்தார். குளத்தின் ஆழம் குறைந்த பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, உன் வயிற்றுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு. ஒரு நாளாவது அந்த இடுப்பளவைத் தாண்டி வந்தாரா, யோசித்துப் பார். வேலை நேரத்தில் நீந்தக் கூடாது என்பார். லீவு நாளில், வேலை செய்யும் இடத்தில் லீவு நாளில் யார் நீந்துவார்கள் என்பார்.

சிரிப்பு அடங்கியபோது அண்ணியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியவருக்குச் சொல்லாத ஒன்றை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், நான் அதை மைக்கில் சொல்லிவிட்டேன்.

அண்ணி மாடியில் இருக்கிறார், நாங்கள் கீழே. ஒரே படிக்கட்டு. ஒரு நாளைக்கு நாலு தடவை எதிரெதிரே பார்த்துக்கொள்கிறோம். "அண்ணி" என்பேன். அவர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே ஏறிப் போய்விடுவார். நம் படிக்கட்டுக் கைப்பிடி இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

நீ அவரோடு பேசுகிறாய் அல்லவா? எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்.

அப்பா

*

மார்ச் 22

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து ரெண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஆழமான பக்கம் நீந்திப் போய்த் திரும்பிப் பார்ப்பேன், அவர் அதே இடத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தைரியம் வரட்டும் என்று நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெரியம்மாவிடம் பேசினேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. அப்புறம் சொன்னார். நீங்கள் சிரிக்க வைத்தது அவருக்குப் பிரச்சினை இல்லை அப்பா. நீங்கள் அவரைத் தப்பாக எடைபோட்டுவிட்டீர்கள்.

பெரியம்மாவின் தம்பி ஆறு வயதில் கிணற்றில் விழுந்து போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போதுதான் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் கண்ணு முன்னாடி நடந்தது. சுத்தி பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தருக்கும் நீச்சல் தெரியலை. கல்யாணமாகி வந்த மொத வாரத்துல அவர்கிட்ட சொன்னேன், நீச்சல் தெரிஞ்சவர்னு சொன்னதாலதான் நான் சரின்னு சொன்னேன்னு. அவரு ஒண்ணும் பேசலை, என் தலையைத் தடவிக் குடுத்தாரு. நான் அதை ஆமான்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் கடற்கரைக்கு எத்தனை தடவை போயிருக்கோம். உங்கண்ணனைத் தண்ணிக்குள்ள விட்டது யாரை நம்பி? அவரை நம்பித்தானே. ஏதாவது ஆயிருந்தா?"

ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அது தவறான பதில் போலிருக்கிறது. அப்புறம், "அவரு போனதை நான் தாங்கிக்குவேன்டி. இப்ப உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கவேண்டி இருக்கு, இதுல எது நிஜம் எது பொய்னு. அதைத்தான் தாங்க முடியலை" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குளத்தில் எந்த வேலைக்குச் சேர்ந்தாலும் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும் என்று விதியாம். அவர் தேர்ச்சி பெற்ற தாள் பீரோவில் இருக்கிறதாம். "நீச்சல் தெரியாதவருக்கு இந்தத் தாளை யார் குடுத்தா? உங்கப்பா சொல்றது பொய்யா, இந்தத் தாள் பொய்யா?"

அப்பா, சிரிக்க வைக்காமல் எழுதுங்கள்.

மகள்

*

ஏப்ரல் 2

மகளே,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் முதல் பக்கத்திலேயே ஜோக் வந்துவிட்டது. என் கை அப்படிப் பழகிவிட்டது.

அண்ணியின் தம்பி கதை எனக்குத் தெரியும். ஆனால் அந்த முதல் வாரத்துப் பேச்சு தெரியாது. அண்ணன் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் மைக்கில் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். என்னைப் பற்றி என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தாள் பொய் இல்லை. நான் சொன்னதும் பொய் இல்லை. அந்த ஐம்பது மீட்டரை நீந்தியவன் நான்.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அண்ணனுக்கு இருபத்தெட்டு, எனக்கு இருபத்து மூன்று. அவர் வேலை பார்த்த பம்ப் கம்பெனியை மூடி எட்டு மாசம் ஆகியிருந்தது. நான் அப்போதுதான் சோபா தைக்கக் கற்றுக்கொண்டிருந்தேன், ஊசி துணியில் ஏறியதைவிட விரலில் ஏறியது அதிகம். நீச்சல் குளத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அண்ணனைப் போல் மிஷின் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே கிடையாது. ஆனால் நீந்த வேண்டும். அவர் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள்.

யோசனை என்னுடையது. அண்ணன் முடியாது என்றார். நான்தான் இரண்டு நாள் நச்சரித்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆற்றில் கிடந்தவன் நான், அதற்கு ஒரு பயன் வேண்டாமா என்றேன். சட்டையைக் கழற்றித் தலையை நனைத்துவிட்டால் நம் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். அதிகாரி அவர் பெயரைக் கூப்பிட்டார், நான் கையைத் தூக்கினேன். குதித்தேன். போய்த் திரும்பி வந்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அருமையா நீந்துறீங்களே, மிஷின் ரூம்ல எதுக்கு? உயிர்காக்கிற காவலர் வேலையே தர்றேன்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "வேண்டாங்கய்யா, எனக்கு மிஷின்தான் பிடிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். (இது ஜோக் இல்லை. நடந்தது.)

வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் அண்ணியைப் பார்த்தார்கள், கல்யாணம் ஆனது. நீச்சல் தெரிந்த மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் சொன்னது அந்தத் தாளை வைத்துத்தான். ஆக, அண்ணி நம்பியது அண்ணனை இல்லை, என்னுடைய ஐம்பது மீட்டரை. பொய் யாருடையது என்று கணக்குப் பார்த்தால் என் பங்குதான் பெரியது. அண்ணன் கடைசிவரை அதைச் சுமந்தார், அவ்வளவுதான்.

எப்படிச் சுமந்தார் என்று குளத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், காரணம் தெரியாமலேயே. காவலர் வந்து நாற்காலியில் உட்காராமல் அவர் கேட்டைத் திறந்ததே இல்லை. காவலர் டீ குடிக்கப் போனால் அத்தனை பேரையும் தண்ணீரை விட்டு ஏறச் சொல்லிவிடுவார். மேலதிகாரி திட்டியிருக்கிறார், ஜனங்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அசைய மாட்டார். நீ எழுதினாயே, எங்கே போனாலும் தலையை எண்ணுவார் என்று. அது அங்கே வந்த பழக்கம். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. நீச்சல் தெரிந்தவன் எண்ண மாட்டான். குதித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவான். கடற்கரைக்குப் போனபோதும் அப்படித்தான். உன் அண்ணனைக் கையில் பிடித்த பிடியை ஒரு நிமிஷமும் விட்டதில்லை. அவன் கையில் சிவந்த தடம் இருக்கும், அண்ணிக்கு ஞாபகம் இருக்கலாம்.

வேறு என்ன பொய் என்று கேட்டாரல்லவா? தெரிந்தவரை யோசித்துப் பார்த்தேன். இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. அண்ணி பின்னிக் கொடுத்த ஊதா ஸ்வெட்டர் அவருக்கு அரித்துக்கொண்டே இருக்கும். பதினோரு குளிர்காலம் அதைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து, சோபா முதுகில் மாடு மாதிரி முதுகைத் தேய்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நிஜம். அண்ணி எதையெல்லாம் எடுத்துப் பார்க்கிறாரோ, அதெல்லாம் நிஜம்.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. நானே மாடி ஏறிச் சொல்லியிருக்க வேண்டும். ஏறினேன். கதவு வரை போனேன். தட்டாமல் இறங்கிவிட்டேன்.

அப்பா

*

ஏப்ரல் 10

அப்பா,

போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். பெரியம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்வெட்டர் வந்த இடத்தில் மட்டும், "இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தார். "மேல படி."

முடிந்ததும் நான் கேட்டேன், "இப்ப நம்புறீங்களா பெரியம்மா?"

"உங்கப்பா கதை சொல்றவரு. சிரிக்க வைக்கவும் சொல்வாரு, அழ வைக்கவும் சொல்வாரு. நான் எதை நம்ப?"

"அவர் பொய் சொல்ல மாட்டார், கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அவ்வளவுதான்" என்றேன். (உங்களுக்காக இவ்வளவுதான் என்னால் முடிந்தது.)

அப்புறம் அவரே சொன்னார். "அப்படின்னா நீந்திக் காட்டச் சொல்லு. அதே குளத்துல, அதே அம்பது மீட்டர். நான் வந்து பாக்குறேன்."

அப்பா, பெரியம்மா தண்ணீர்ப் பக்கமே போகாதவர். பெரியப்பா முப்பது வருஷம் வேலை செய்த இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் வருகிறேன் என்கிறார். முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் உங்களுக்கு அறுபத்தொன்று. நடுவில் மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

மகள்

*

ஏப்ரல் 21

என் அன்பு மகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். தோள்பட்டை ரெண்டும் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள், பொதுமக்கள் வருவதற்கு முன்னால். இப்போது மிஷின் பார்க்கிறவர் அண்ணனிடம் தொழில் பழகியவர். காவலர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டைத் திறந்தார். அண்ணி அதைப் பார்த்தார்.

குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது. அண்ணி வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். இரங்கல் கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அன்னைக்கு அவரு எங்க நின்னாரு?"

வேலிக்கு வெளியே, குழாய்க்குப் பக்கத்தில், என் சட்டையையும் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் என்று காட்டினேன். அண்ணி கையை நீட்டினார். சட்டையையும் செருப்பையும் கொடுத்தேன். அதே இடத்தில் போய் நின்றார். செருப்பு வேண்டாம் அண்ணி, கீழே வையுங்கள் என்றேன். கேட்கவில்லை.

டிராயரோடு நின்ற என் தோற்றத்தை வர்ணிக்க மாட்டேன். காவலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார் என்பதோடு விட்டுவிடுகிறேன். இருபத்து மூன்று வயதில் குதித்தேன். இந்தத் தடவை ஏணியைப் பிடித்து இறங்கினேன்.

போகும் இருபத்தைந்து மீட்டர் பரவாயில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பினேன். திரும்பி வரும்போது பாதியில் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வாயில் தண்ணீர் போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரத்துச் சுவரைப் பிடித்துவிட்டேன். காவலர் எழுந்துவிட்டார். கையைக் காட்டி வேண்டாம் என்றேன். மூச்சு வந்ததும் மறுபடி கிளம்பலாம் என்று அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறக்க முடியவில்லை, மருந்துத் தண்ணீர் எரிச்சல்.

திறந்தபோது கண்ணுக்கு நேரே இரண்டு பாதம். அண்ணி. வேலியைத் தாண்டி, ஈரத் தரையில், குளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அக்குளில் என் சட்டை, ஒரு கையில் செருப்பு. இன்னொரு கை என்னை நோக்கி நீண்டிருந்தது.

"போதும் தம்பி. மேல வாங்க."

"இன்னும் பத்து மீட்டர் இருக்கு அண்ணி."

"நான் பாத்துட்டேன். வாங்க."

அந்தக் கையைப் பிடித்தேன். என் எடைக்கு அவரும் சேர்ந்து உள்ளே வந்திருப்பார். பெயருக்குத்தான் பிடித்தேன், பாரத்தைச் சுவரில் போட்டுத்தான் ஏறினேன். அதை அவரிடம் சொல்லிவிடாதே.

பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு இங்க பயமா இருக்குமா?" என்று கேட்டார்.

சிரிக்க வைக்கிற பதில் எதுவும் எனக்கு வரவில்லை. "தினமும் அண்ணி" என்றேன்.

"முப்பது வருஷமா?"

"ஆமா."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தா முகத்துல ஒண்ணும் தெரியாதே." சேலை ஓரத்தால் என் செருப்பில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "நான் பயந்தவள்னு சொன்னேன். அவரும் பயந்தவருன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம். தனியா எதுக்கு?"

கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன், ஈரத்தில் தெரியாது. அப்புறம் சட்டையை என் மேல் போட்டார். "போய் மாத்திட்டு வாங்க. இந்தக் கோலத்துல என் பக்கத்துல பஸ்ல உக்கார முடியாது."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஐந்தாவது ஸ்டாப்பில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவரைப் பத்தி வேற என்ன இருக்கு, சொல்லுங்க. சிரிப்பு வர்ற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை."

சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் ஸ்டாப் எப்போது போனது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்பா